மரத்தை விற்குமுன் மில் கணக்கைப் படியுங்கள்

பிரானூர் பார்டர் என்றதும் குற்றாலம் வந்துபோகிறவர்களுக்கு நினைவுக்கு வருவது பரோட்டாவும் நாட்டுக்கோழியும்தான். செங்கோட்டையை ஒட்டிய அதே ஊரில் இன்னொரு காட்சியும் உண்டு. சாலையோரம் மலைபோல் அடுக்கிய மரத்தடிகள், ரம்பத்தின் இரைச்சல், குவிந்து கிடக்கும் மரத்தூள். தென் மாவட்டங்களில் கட்டப்படும் எத்தனையோ வீடுகளின் நிலையும் கதவும் இங்குள்ள மர அறுவை மில்களில் இருந்து போனவை.

வரப்பில் தேக்கோ வேம்போ மலைவேம்போ வளர்க்கும் விவசாயி நீங்கள் என்றால், ஒரு நாள் உங்கள் மரமும் இப்படியொரு மில்லுக்குத்தான் போகும். இருபது ஆண்டு வளர்த்த மரத்தை அரை மணி நேரத்தில் குத்துமதிப்பாக விலை பேசி விற்றுவிடுகிறோம். வாங்குகிறவருக்கு அந்த மரத்தில் எத்தனை நிலை, எத்தனை பலகை இருக்கிறது என்பது தெரியும். விற்கிறவருக்குத் தெரியாது. பெரும்பாலும் நட்டம் தொடங்கும் இடம் இதுதான். மரம் பொருளாக மாறும் வழியை ஒருமுறை தெரிந்துகொண்டால் அதைத் தவிர்க்கலாம்.

எல்லையில் வளர்ந்த தொழில்

பார்டர் என்ற பெயருக்குக் காரணம் உண்டு. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் பகுதியோடு இருந்தது. அதற்குக் கிழக்கே சென்னை மாகாணம். ஆரியங்காவு கணவாய் வழியாகச் சாலை முன்பே இருந்தது. 1904-ல் கொல்லத்தில் இருந்து புனலூர் வழியாகச் செங்கோட்டைக்கு ரயிலும் வந்தது. மேற்கே மழைக்காட்டு மரம், கிழக்கே மரம் தேவைப்படும் வறண்ட ஊர்கள். இரண்டுக்கும் நடுவில் இருந்த இடத்தில் மரத்தொழில் வேரூன்றியதில் வியப்பில்லை.

காட்டு மரத்தின் காலம் பிறகு மாறியது. 1988-ன் தேசிய வனக் கொள்கை, மரத்தை நம்பிய தொழிற்சாலைகள் தங்களுக்கு வேண்டிய மரத்தை விவசாயிகளின் நிலங்களில் இருந்து பெற வேண்டும் என்றது. நீலகிரி கூடலூர் காடுகளை முன்வைத்துத் தொடங்கிய கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில் 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு, காட்டில் மரம் வெட்டுவதையும் மர அறுவை மில்களையும் கடும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. இன்று மில்களுக்கு வரும் உள்நாட்டு மரத்தில் பெரும் பங்கு தோட்டத்து மரமும் வரப்பு மரமும்தான். அதாவது, இந்தத் தொழிலுக்கு மூலப்பொருள் தருவது நீங்கள்.

கன அடி: முதலில் கற்க வேண்டிய கணக்கு

மர வணிகத்தில் உருண்டைத் தடியை அளக்கப் பழக்கத்தில் உள்ளது கால் சுற்றளவு முறை. தடியின் நடுப்பகுதியில் சுற்றளவை அங்குலத்தில் எடுங்கள். அதை 4-ஆல் வகுங்கள். வந்த எண்ணை அதே எண்ணால் பெருக்குங்கள். அதைத் தடியின் நீளத்தால் (அடியில்) பெருக்கி, 144-ஆல் வகுங்கள். கிடைப்பது கன அடி.

ஒரு எடுத்துக்காட்டு. நீளம் 10 அடி, நடுச் சுற்றளவு 48 அங்குலம். 48-ல் கால் பங்கு 12. பன்னிரண்டைப் பன்னிரண்டால் பெருக்கினால் 144. அதைப் பத்தால் பெருக்கி 144-ஆல் வகுத்தால் 10 கன அடி.

இதே தடியில் நடுவை விட்டு, சிறுத்த நுனியில் டேப்பைச் சுற்றினால் என்ன ஆகும்? நுனியில் 42 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். கணக்கு 7.66 கன அடியாகச் சுருங்கிவிடும். டேப் மாறவில்லை, மரமும் மாறவில்லை. அளந்த இடம் மாறியதால் ஏறக்குறைய கால் பங்கு போய்விட்டது. ஆகவே அளக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். தையல் டேப் ஒன்று கையில் இருந்தால் போதும்.

பட்டைக்கான கழிவு நியாயமானது. அதையும் கணக்கோடு கொடுங்கள். சுற்றளவில் 3 அங்குலம் கழித்தால் 10 கன அடி 8.79 ஆகிறது. மெல்லிய பட்டை உள்ள மரத்துக்கும் தடித்த பட்டை உள்ள மரத்துக்கும் ஒரே கழிவு போடக் கூடாது. ஓரிடத்தில் பட்டையைச் செதுக்கிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கால் சுற்றளவு முறை மரத்தின் முழுக் கன அளவைத் தருவதில்லை. மேலே சொன்ன தடியின் உண்மையான கன அளவு 12.73 கன அடி. வித்தியாசமான 2.73 கன அடி, அறுக்கும்போது போகும் புறவெட்டுக்கும் தூளுக்குமாக இந்த முறையிலேயே விட்டுக்கொடுக்கப்படுகிறது. எனவே கணக்குப் போட்ட பிறகு, அறுப்புக் கழிவு என்று மறுபடியும் பத்து சதவீதம் கேட்டால், ஒரே கழிவை இரண்டு முறை கொடுக்கிறீர்கள். ஓட்டை, சொத்தை, கோணல் இருந்தால் அது வேறு. அதைத் தனியாகப் பேசுங்கள்.

சுற்றளவு இரண்டு மடங்கானால் மரம் நான்கு மடங்காகும் என்பதையும் மறக்க வேண்டாம். 24 அங்குலச் சுற்றளவில் 10 அடித் தடி இரண்டரை கன அடிதான். 48 அங்குலமாகும்போது அதுவே 10 கன அடி. பருத்த மரத்துக்குக் கன அடி விலையும் கூடுதல். அவசரத் தேவைக்காக இளந்தேக்கை வெட்டுகிறவர் இந்த இரண்டு லாபத்தையும் இழக்கிறார்.

வெட்டும் இடத்திலேயே போகும் பணம்

மரம் வெட்டும்போது தரையில் இருந்து ஓரடி உயரத்துக்கு அடிக்கட்டையை விட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது. குனிந்து அறுக்கச் சோம்பல்தான் காரணம். மரத்தின் மிகப் பருத்த பகுதி அதுதான். அடிச் சுற்றளவு 60 அங்குலம் என்றால், விட்டுவிட்ட அந்த ஓரடியில் ஒன்றரை கன அடிக்கு மேல் மரம் இருக்கிறது. தரையை ஒட்டி அறுக்கச் சொல்லுங்கள்.

எந்தப் பக்கம் சாய வேண்டுமோ அந்தப் பக்கம் முதலில் ஒரு வாய் வெட்டி எடுத்து, பிறகு பின்பக்கம் இருந்து அறுக்க வேண்டும். நடுவில் சிறு பட்டை அறுபடாமல் இருந்தால்தான் மரம் கீல் வைத்த கதவுபோல் மெல்லச் சாயும். வாய் வெட்டாமல் ஒரே பக்கம் அறுத்தால் அடிமரம் நெடுக்கப் பிளந்துகொள்ளும். பிளந்த தடியில் நிலை எடுக்க முடியாது. ஆளுக்கும் ஆபத்து.

துண்டு போடும்போது நீளம் முக்கியம். வீட்டு நிலையின் உயரம் பொதுவாக 7 அடி. அறுத்துச் சீவ இடம் விட்டு ஏழரை அடித் துண்டாகப் போட்டால் நிலைக்கால் கிடைக்கும். லாரியில் ஏற்ற வசதி என்று ஆறரை அடியில் வெட்டிவிட்டால், அதே மரம் சன்னலுக்கும் சிறு சட்டத்துக்கும் என இறங்கிவிடும். எந்த நீளத்தில் வெட்ட வேண்டும் என்பதை வாங்குபவரிடம் முன்கூட்டியே பேசுங்கள்.

வேலிக்கம்பி கட்டவும் பலகை மாட்டவும் மரத்தில் ஆணி அடிக்காதீர்கள். மரம் வளர வளர ஆணியை உள்ளே விழுங்கிவிடும். மில்லில் ரம்பத்தின் பல் அதில் பட்டால் பட்டை அறுந்து தெறிக்கும். அறுப்பவரின் உயிருக்கே ஆபத்து. வேலியோர மரம் என்றதும் வியாபாரி விலையைக் குறைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மில்லுக்குள் நடப்பது

முன்காலத்தில் குழி தோண்டி, அதன்மேல் தடியைக் கிடத்தி, மேலே ஒருவரும் கீழே ஒருவருமாக நீள ரம்பத்தை இழுத்து அறுத்தார்கள். இன்று அந்த வேலையை மின்சார ரம்பம் செய்கிறது. இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று வட்ட ரம்பம். மற்றொன்று இரண்டு சக்கரங்களில் ஓடும் பட்டை ரம்பம்.

வட்ட ரம்பத்தின் ஒவ்வொரு கீறலும் 5 முதல் 6 மில்லிமீட்டர் மரத்தைத் தூளாக்கும். பட்டை ரம்பம் 2 முதல் 3 மில்லிமீட்டரோடு நின்றுவிடும். ஒரு தடியில் பத்து கீறல் போட்டால், வட்ட ரம்பத்தில் 60 மில்லிமீட்டர் வரை தூளாகப் போகும். இது ஓரங்குலப் பலகை இரண்டுக்கும் மேல். சொந்த வீட்டுக்கு மரம் அறுக்கக் கொண்டுபோனால் எந்த ரம்பம் என்று கேட்டுவிட்டுத் தடியை இறக்குங்கள்.

உருண்டையான தடியைச் சதுரமாக்கும்போது நான்கு புறமும் புறவெட்டுப் பலகை கழியும். தூள், கோணல், சொத்தை எல்லாம் போக, நல்ல தடியில் அறுத்த மரமாகக் கிடைப்பது அதன் உண்மைக் கன அளவில் பாதி முதல் அறுபது சதவீதம் வரை. நாம் பார்த்த 48 அங்குலத் தடியில் பாதி என்று வைத்தாலும் ஆறு கன அடிக்கு மேல் வரும். நான்கங்குலத்துக்கு மூன்றங்குலச் சட்டத்தில் 7 அடி நிலை ஒன்றுக்குச் சுமார் 2 கன அடி பிடிக்கும். ஆக, அந்த ஒரு தடிக்குள் மூன்று நிலை இருக்கிறது. விலை பேசும்போது இந்தக் கணக்கு மனதில் ஓட வேண்டும்.

அறுத்த மரத்தின் தரம் அதன் நிறத்திலேயே தெரியும். நடுவில் கருத்திருப்பது வைரம். சுற்றிலும் வெளுத்திருப்பது வெள்ளை. தேக்கைச் செல் அரிக்காது என்பது வைரத்துக்கு மட்டும்தான் பொருந்தும். தேக்கின் வெள்ளையைச் செல்லும் அரிக்கும், வண்டும் துளைக்கும். தண்ணீர் கட்டி வேகமாகப் பருக்கவைத்த இளந்தேக்கில் வெள்ளை அதிகம், வைரம் குறைவு. ஒரே சுற்றளவுள்ள இரண்டு தேக்குக்கு இருவேறு விலை சொல்லப்படுவது இதனால்தான்.

பனையும் தென்னையும் இதற்கு நேர்மாறு. அவற்றில் உறுதி வெளிப்புறத்தில், சோறு நடுவில். முற்றிய பனையின் வெளிப்புறக் கருமரத்தில் மட்டுமே கைமரமும் வரிச்சும் எடுக்கிறார்கள்.

காய வைப்பதே பாதி வேலை

பச்சை மரத்தில் கதவு செய்தால் ஒரே கோடையில் இடைவெளி விடும், முறுக்கிக்கொள்ளும். பச்சை மரத்தில் இருக்கும் நீர் இரண்டு வகை. மரத்தின் நுண்குழாய்களில் நிற்கும் நீர் முதலில் போகும். அப்போது மரம் சுருங்காது. ஈரம் சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போது நாரில் ஊறிய நீர் வெளியேறத் தொடங்கும். சுருக்கம் அப்போதுதான் தொடங்குகிறது. அதுவும் எல்லாப் பக்கமும் ஒரே அளவாக இல்லை. நடுவில் இருந்து பட்டையை நோக்கிச் சுருங்குவதைவிட, வளையத்தின் வாக்கில் ஏறக்குறைய இரண்டு மடங்கு சுருங்கும். பலகை குழிவதும் தடியின் முனை நட்சத்திரம்போல் வெடிப்பதும் இதனால்தான்.

கதவுக்கும் அறைகலனுக்கும் ஈரம் 12 சதவீதத்தை ஒட்டி இருப்பது நல்லது. இதை அளக்கக் கையடக்க ஈரமானிகள் உள்ளன. கருவி இல்லாவிட்டாலும் வழி உண்டு. ஒரு சிறு துண்டை எடை போடுங்கள். அடுப்புச் சூட்டில் கருகாமல், எடை மேலும் குறையாத அளவுக்கு உலர்த்தி மறுபடி எடை போடுங்கள். 130 கிராம் துண்டு 100 கிராம் ஆனால், குறைந்த 30 கிராமை உலர்ந்த எடையான 100-ஆல் வகுக்க வேண்டும். ஈரம் 30 சதவீதம்.

தென்காசி வட்டாரத்துக்கு இதில் ஒரு தனிக் கணக்கு வேண்டும். ஜூனில் தொடங்கும் சாரல் கணவாய்க் காற்றோடு செங்கோட்டை, குற்றாலம், இலஞ்சி வரை நனைக்கும். அந்த மாதங்களில் அறுத்து அடுக்கிய பலகை காயாது. பூசணம் பிடித்து நீலம் பாயும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஆகவே தையில் வெட்டி, மாசியில் அறுத்து, பங்குனி, சித்திரை, வைகாசி மூன்று மாதமும் நிழலில் காயவிடுவது நம் பகுதிக்குப் பொருந்தும். ஓரங்குலப் பலகை சாரலுக்குள் பெரும்பாலும் காய்ந்துவிடும். தடித்த சட்டத்துக்கு இன்னும் அவகாசம் வேண்டும். அதைக் கொட்டகைக்குள் வைத்திருந்து அடுத்த கோடையையும் பார்க்க வேண்டியிருக்கும்.

அடுக்கும் முறை எளிது. தரையில் இருந்து ஓரடி உயரத்தில் கல் அல்லது கட்டை வைத்து மட்டம் பாருங்கள். ஒவ்வொரு வரிசைக்கும் நடுவில் ஓரங்குலக் குறுக்குக் குச்சிகளை இரண்டடிக்கு ஒன்றாக வையுங்கள். கீழ் வரிசைக் குச்சிக்கு நேர் மேலேயே மேல் வரிசைக் குச்சியும் வர வேண்டும். தவறினால் பலகை வளையும். வெட்டுமுனைகளில் பெயின்ட் அல்லது மெழுகு பூசினால் வெடிப்பு குறையும். மேலே கூரை இருக்கட்டும், பக்கவாட்டில் காற்று ஓடட்டும். பிளாஸ்டிக் தாளால் சுற்றி மூடிவிடாதீர்கள். நேர் வெயிலும் வேண்டாம்.

அமாவாசையை ஒட்டி வெட்டினால் வண்டு துளைக்காது என்ற நம்பிக்கை நம்மிடம் உண்டு. எந்த நாளில் வெட்டினாலும், வெட்டிய தடி தோட்டத்து ஈரத்தில் மாதக்கணக்கில் கிடந்தால் வண்டு துளைக்கத்தான் செய்யும். சீக்கிரம் அறுத்துக் காயவைப்பதே நல்ல பாதுகாப்பு.

மென்மரத்துக்கு மருந்து

பலகையை வண்டு தேடி வருவது அதில் உள்ள மாவுச்சத்துக்காக. மூங்கிலையும் மென்மரத்தையும் குளத்து நீரில் ஊறப்போடும் பழைய வழக்கத்தின் பொருள் இதுதான். ஊறும்போது மாவுச்சத்து குறைகிறது.

புனலூர் பக்கத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் பால் வற்றிய ரப்பர் மரங்கள் 25, 30 ஆண்டுகளில் வெட்டப்படுகின்றன. ஒரு காலத்தில் அது வெறும் விறகு. வெட்டிய சில நாட்களிலேயே நீலம் பாய்ந்துவிடும். இன்று அதை உடனே அறுத்து, மூடிய உருளையில் வைத்துக் காற்றை உறிஞ்சி எடுத்து, வெண்காரமும் போரிக் அமிலமும் கலந்த கரைசலை அழுத்தத்தில் ஏற்றி, சூட்டறையில் உலர்த்துகிறார்கள். விறகாக இருந்தது நாற்காலியும் கட்டிலுமாகிவிட்டது. ஆனால் இந்த மருந்து மழையில் கரைந்து வெளியேறும். எனவே வீட்டுக்குள் புழங்கும் பொருளுக்கே இது ஏற்றது. மா போன்ற மென்மரங்களுக்கும் இதே முறை பொருந்தும்.

எந்த மரம் எங்கே போகிறது?

எல்லா மரமும் பலகையாவதில்லை. சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி தீப்பெட்டித் தொழிலுக்குப் பெருமரம் போன்ற வெளிர் மென்மரம் வேண்டும். தடியைச் சிறு கட்டைகளாக்கி, சுழலவிட்டு, காகிதச் சுருள்போல் உரித்து, குச்சிகளாக நறுக்குகிறார்கள். பச்சையாக இருந்தால்தான் உரியும். காய்ந்த தடிக்கு அங்கே மதிப்பில்லை.

ஒட்டுப்பலகைக்கும் உரிப்பதுதான் வழி. கேரளத்தின் பெரும்பாவூர் இதற்குப் பெயர் பெற்ற ஊர். மலைவேம்பு இந்தச் சந்தைக்கு ஏற்ற மரம். ஆறு, ஏழு ஆண்டுகளில் வெட்டுக்கு வந்துவிடும். ஆனால் தடி நேராக, உருண்டையாக, கணு இல்லாமல் இருக்க வேண்டும். முதல் இரண்டு, மூன்று ஆண்டுகளில் பக்கக் கிளைகளை இளசாக இருக்கும்போதே தண்டை ஒட்டிக் கழித்தால்தான் அது நடக்கும். கவாத்து செய்யாத மலைவேம்பு விறகு விலைக்கே போகும்.

பலா அறைகலனுக்கும் தஞ்சாவூர் வீணைக்கும், அயனி படகுக்கும், வாகை மரச்செக்குக்கும், பூவரசு வண்டிச் சாமான்களுக்கும், புளி வெட்டுக்கட்டைக்கும் பேர்போனவை. உங்கள் மரத்துக்கு எது சிறந்த பயன் என்று தெரிந்தால், அதை வாங்குபவரைத் தேடிப் போகலாம்.

புறவெட்டும் வீணில்லை. பெட்டிக்கும் சூளைக்கும் போகிறது. மரத்தூளை அப்படியே வயலில் போடாதீர்கள். அதில் கரிச்சத்து மிக அதிகம். மட்கும்போது மண்ணில் உள்ள தழைச்சத்தை இழுத்துக்கொண்டு பயிரை மஞ்சளாக்கும். தொழுவத்தில் பரப்பி, சாணமும் மூத்திரமும் ஊறிய பிறகு மட்கவைத்துப் போடுங்கள்.

தாள் இல்லாமல் தடி நகரக் கூடாது

பட்டா நிலத்து மரமாக இருந்தாலும், தேக்கு போன்றவற்றை எடுத்துச் செல்ல 1968-ன் தமிழ்நாடு மரப் போக்குவரத்து விதிகளின்படி வனத்துறை அனுமதி வேண்டும். சந்தனத்துக்குத் தனிச் சட்டதிட்டங்கள் உண்டு. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி தேவை. மலைப்பகுதி என அறிவிக்கப்பட்ட கிராமங்களில் 1955-ன் மரப் பாதுகாப்புச் சட்டமும் பொருந்தும். மேற்கு மலையடிவார விவசாயிகள் இதைக் கட்டாயம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பட்டா, அடங்கல் நகலோடு கிராம நிர்வாக அலுவலரையும் வனச்சரக அலுவலகத்தையும் அணுகினால், எந்த மரத்துக்கு அனுமதி வேண்டும், எதற்கு விலக்கு என்பது தெரிந்துவிடும். இதை வெட்டும் முன் செய்யுங்கள். தாள் இல்லாத தடியை வியாபாரி அடிமாட்டு விலைக்குத்தான் கேட்பார்.

விற்பதா, அறுத்து வைப்பதா?

இரண்டு, மூன்று மரம் இருந்து, வீடு கட்டும் எண்ணமும் இருந்தால், மில்லில் கூலிக்கு அறுத்து வாங்கிக் காயவைத்துக்கொள்வதே லாபம். பல மரங்கள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, மார்பு உயரத்தில் சுற்றளவும் பயன்படும் நீளமும் நோட்டில் எழுதுங்கள். குறைந்தது மூன்று பேரிடம் விலை கேளுங்கள். மொத்தமாக இவ்வளவு என்று பேசாமல், கன அடிக்கு இவ்வளவு, அளப்பது தடியின் நடுவில், பட்டைக்குக் கழிவு இவ்வளவு, வெட்டுக்கூலியும் ஏற்றுக்கூலியும் யார் பொறுப்பு என்று நான்கையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வேளாண் விரிவாக்கப் பணியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பசுமைப் போர்வை இயக்கத்தில் விவசாயிகளுக்கு மரக்கன்று கொடுக்கிறோம். கன்றோடு கவாத்து முறையையும் கன அடிக் கணக்கையும் சேர்த்துக் கற்றுக்கொடுங்கள். மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியிலும், கோவை வன மரபியல் மற்றும் மரப் பெருக்கு நிறுவனத்திலும் ரகத் தேர்வுக்கும் வளர்ப்புக்கும் ஆலோசனை பெறலாம். ஊருக்கு ஒரு குழுவை அருகிலுள்ள மர அறுவை மில்லுக்கு அழைத்துப்போய், ஒரு தடி பலகையாவதை முதலில் இருந்து கடைசிவரை காட்டினால், எந்தப் பயிற்சி வகுப்பையும்விட அது மனதில் நிற்கும்.

நெல்லில் ஒரு போகம் ஏமாந்தால் அடுத்த போகத்தில் திருத்திக்கொள்ளலாம். மரத்தில் அடுத்த போகத்துக்கு இருபது ஆண்டு ஆகும். டேப்பை எடுத்துக்கொண்டு இன்றே தோட்டத்துக்குள் போய், நிற்கிற மரங்களை அளந்து எழுதி வையுங்கள். வியாபாரி வரும் நாளில் உங்கள் கையிலும் கணக்கு இருக்கட்டும்.